நீரிழிவும் நமது கடமையும்

தென்காசி ஜில்லாவில் ஆலங்குளம் இரண்டு தொழில்களால் பேர் பெற்ற ஊர். ஒன்று காய்கறிச் சந்தை; மற்றொன்று பீடி. சுற்று வட்டாரத்து நிலங்களில் விளையும் வெண்டையும் கத்தரியும் தக்காளியும் சந்தையில் விலையாகி, லாரியேறி, செங்கோட்டைக் கணவாய் வழியே மலையாள நாட்டிற்குச் செல்கின்றன. கிராமங்கள்தோறும் திண்ணைகளில் ஸ்திரீகள் சுளகை மடியில் வைத்துக்கொண்டு சுற்றும் பீடி அதனினும் தூரமான ஊர்களுக்குப் போகிறது. உழைப்புக்கு அஞ்சாத ஜனங்கள் வாழும் பிரதேசம் இது. இத்தகைய பிரதேசத்திலும் உழைப்பவர் வீடுகளுக்குள் ஒரு வியாதி ஓசையின்றிப் புகுந்து வருகிறது. அதன் பெயர் நீரிழிவு. அதைப் பற்றி இன்று நமது நேயர்களிடம் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

அரசியல் பேசும் பத்திரிகைக்கு வைத்திய விஷயம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கூலி அரசியல், ரேஷன் அரசியல், வரி அரசியல், ஆஸ்பத்திரி அரசியல். இந்த நான்கோடும் பின்னிக் கிடக்கும் வியாதி மட்டும் எப்படி அரசியலுக்குப் புறம்பாகும்? ஒரு வியாதி ஒருவருக்கு வந்தால் அது அவருடைய துரதிர்ஷ்டம். நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு வந்தால் அது தேசத்தின் காரியம்.

நூற்றுக்குப் பதினான்கு என்று நாம் சொன்னது மிகையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் 2008 முதல் 2020 வரை தேசமெங்கும் 1,13,000-க்கு மேற்பட்டவர்களைச் சோதித்து, 2023-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர். அதன் வாசற்படியில் நிற்பவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் 31 கோடியே 50 லட்சம் பேர். தமிழ் நாட்டில் வயது வந்தவர்களில் 100-க்கு 14.4 பேருக்கு நீரிழிவு உண்டென்று அந்த ஆராய்ச்சி கூறுகிறது. சென்னை நகரில் 1989-இல் 100-க்கு 8.3 ஆக இருந்த கணக்கு 2004-இல் 14.3 ஆகிவிட்டது. நகரத்தில் அன்று கண்ட நிலைமையை இன்று மாகாணம் முழுவதுமே எட்டிவிட்டது என்பதே இதன் பொருள்.

மெத்தையில் சாய்ந்து நெய்ச்சோறு உண்பவருக்கு வரும் வியாதி இது என்று நம் பாட்டன்மார் எண்ணினர். அந்த எண்ணம் இன்னும் பலரிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனாலேயே காட்டு வேலைக்குப் போகிறவரும் பீடி சுற்றுகிறவரும் தமக்கு அது வராதென்று இருந்துவிடுகிறார்கள். ஆதலால் முதலில் வியாதி இன்னதென்று விளங்கச் சொல்ல வேண்டும்.

குளத்துப் பாசனம் தெரிந்த ஜனங்களுக்கு இது எளிதில் விளங்கும். வாய்க்காலில் தண்ணீர் கரைபுரண்டு ஓடுகிறது. ஆனால் மடை திறக்கவில்லை. பக்கத்திலேயே வயல் காய்கிறது. நீரிழிவும் இப்படித்தான். உண்ட சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கிறது. அதை உடம்பின் தசைகளுக்குள் பாய்ச்ச மடை திறக்க வேண்டும். மடையைத் திறக்கும் வேலையைச் செய்வது, கணையம் என்னும் உறுப்பிலிருந்து சுரக்கும் இன்ஸுலின். சில குழந்தைகளுக்கும் வாலிபர்களுக்கும் அந்தச் சுரப்பு அடியோடு நின்றுவிடுகிறது. அவர்கள் உயிர் வாழ இன்ஸுலின் ஊசி ஒன்றே வழி. மற்றப் பெரும்பாலோருக்குச் சுரப்பு இருக்கும். மடை துருப்பிடித்ததுபோல் அதற்கு இணங்காது. கணையம் மேலும் மேலும் சுரந்து பல வருஷங்களில் சோர்ந்துபோகும். ரத்தத்தில் சர்க்கரை பெருகிச் சிறுநீரிலும் வழியும். இனிப்பான சிறுநீரை நம் பழைய வைத்தியர்கள் கண்டறிந்து மதுமேகம் என்று பெயரிட்டார்கள்.

இவ்வியாதியின் பெரிய கொடுமை, தொடக்கத்தில் வலி இல்லாமையே. காய்ச்சல் வந்தால் படுக்கிறோம். பல் வலித்தால் ஓடுகிறோம். சர்க்கரையோ பல வருஷங்கள் ஒரு நோவும் காட்டாமல் மெல்லிய ரத்தக் குழாய்களை அரித்துக்கொண்டே இருக்கும். கண்ணின் உட்திரை கெடும். சிறுநீரகம் பழுதாகும். பாதம் மரத்துப்போகும், வெறுங்காலுடன் காட்டுக்குப் போனவர் முள் தைத்ததை அறியார், புண் புரையோடிய பிறகு விரலை, சில சமயம் காலையே, எடுக்க நேரிடும். இருதயமும் மூளையும் தாக்கப்படும். ரத்தக் கொதிப்பும் கூடச் சேர்ந்தால் நாசம் இரட்டிப்பாகும். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காசநோய் பற்றும் அபாயமும் மற்றவர்களைவிட 2, 3 மடங்கு அதிகம். ஆகவே வலி வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருப்பது வீடு எரிந்து முடியட்டும், தண்ணீர் கொண்டுவரலாம் என்பதற்கு ஒப்பாகும்.

கண்டுபிடிப்பதோ சுலபம். வெறும் வயிற்றில் 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் சர்க்கரை 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு என்பது வைத்திய சாஸ்திரத்தின் கணக்கு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையில் 6.5-ம் அதற்கு மேலும் இருந்தாலும் அதுவே. வேறு அறிகுறி ஒன்றும் இல்லாதவருக்கு ஒரு முறைக்கு இரு முறை சோதித்து உறுதி செய்துகொள்வது முறை. தாய் தந்தையருக்கு வியாதி இருந்தவர்கள், இடுப்பு பெருத்தவர்கள், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், முப்பது வயது கடந்த அனைவரும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

வியாதி இவ்வளவு வேகமாகப் பெருகக் காரணம் என்ன? பரம்பரை ஒரு காரணம். பார்வைக்கு மெலிந்திருந்தும் வயிற்றுப் புறத்தில் கொழுப்பைச் சேர்க்கும் உடலமைப்பு நம் தேசத்தாருக்குப் பிறவியிலேயே அமைந்திருப்பதைப் பூனாவில் டாக்டர் யாக்னிக் செய்த ஆராய்ச்சிகள் காட்டின. தாயின் வயிற்றிலேயே போஷணை குறைந்த குழந்தை, பின்னால் வயிறு நிறைய உண்ணும் காலத்தில் இவ்வியாதிக்கு இலக்காகிறது என்று விஞ்ஞானிகள் பலர் கருதுகிறார்கள். அப்படியானால், நேற்றைய பசியும் இன்றைய நீரிழிவும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் பரம்பரை ஒரு தலைமுறையில் மாறுவதில்லை. மாறியவை உணவும் உழைப்புமே. 2025-இல் வெளியான ஆராய்ச்சியின்படி இந்தியர் உண்ணும் உணவின் சக்தியில் 100-க்கு 62 பங்கு மாவுச் சத்திலிருந்தே வருகிறது. நமது தட்டைப் பார்த்தாலே இது தெரியும். தீட்டித் தீட்டி வெளுத்த அரிசிச் சோறு மலைபோல். அதன் ஓரத்தில் பொரியல் ஒரு கரண்டி. வெண்டையும் கத்தரியும் விளைவிக்கும் ஊரில் அவை லாரிக்குப் போகின்றன. வீட்டுக்கு மிச்சம் சோறும் குழம்பும். மாலையில் சீனி போட்ட தேயிலை. விசேஷமென்றால் மைதாப் புரோட்டா. குற்றாலத்துச் சாரலுக்கு வருகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டுப் பிரானூர் எல்லையில் புரோட்டாக் கடைகளில் குழுமுவதை நாடறியும். வருஷத்தில் ஒரு நாள் உண்பதை நாம் குறை சொல்லவில்லை. அன்றாடம் இரவு உணவே அதுவாகும்போதுதான் ஆபத்து.

வெள்ளை அரிசியைப் பற்றிய எச்சரிக்கை புதிதன்று. 1920-களில் குன்னூரில் ஆராய்ச்சி நடத்திய மக்காரிசன் என்னும் வைத்தியர் இந்தியாவின் பல பிரதேசத்து உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டியும் பருப்பும் பாலும் காய்கறியும் சேர்ந்த சீக்கியர் உணவு முதலிடம் பெற்றது. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாண உணவு கடைசி இடம் பெற்றது. 1934-இல் மகாத்மா காந்தி அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நிறுவியபோது, தஞ்சையில் பிறந்த ஸ்ரீ ஜே. சி. குமரப்பா அதன் காரியதரிசியானார். கைக்குத்தல் அரிசிப் பிரசாரம் அச்சங்கத்தின் முக்கிய வேலைகளில் ஒன்று. ஏழையின் கூலியும் அனைவரின் ஆரோக்கியமும் அந்த உரலில் ஒன்றாக இருந்தன. சுதந்தரம் வந்தது, உரல் மூலைக்குப் போயிற்று.

இனி உழைப்பைப் பார்ப்போம். பீடி சுற்றும் சகோதரியை உழைக்காதவள் என்று யார் சொல்ல முடியும்? விடிந்தது முதல் விளக்கு வைக்கும் வரை குனிந்த தலை நிமிராமல் இலை நறுக்கித் தூள் வைத்துச் சுருட்டிக் கட்டுகிறாள். விரல்கள் ஓய்வதில்லை, கால்களோ அசைவதில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுக் கூலி கொடுக்கும் தொழிலில், எழுந்து அரை மணி நடந்தால் அந்த அரை மணியின் கூலி போயிற்று. இவளைப் பார்த்து, தினம் நடந்து வா, கீரையும் பயறும் சாப்பிடு என்று உபதேசம் செய்துவிட்டுப் போவது எளிது. அந்த உபதேசம் உண்மையே. ஆனால் அவள் நடப்பதற்கு நேரத்தையும் கீரைக்குக் காசையும் கொடுப்பது யார்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல், வியாதி வந்தது உன் வாய்க்கொழுப்பால் என்று ஏழையைப் பழிப்பது அநியாயம்.

அவள் சுற்றிய பீடியைப் புகைக்கிறவரையும் வியாதி விடுவதில்லை. புகைப்பவருக்கு நீரிழிவு வரும் அபாயம் புகைக்காதவரைவிட 100-க்கு 30 முதல் 40 பங்கு அதிகம். நீரிழிவு உள்ளவர் புகைத்தால் காலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் இன்னும் விரைவில் சுருங்கும். பீடித் தொழிலை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு மாற்றுத் தொழில் காட்டாமல் பீடியை ஒழி என்று கூச்சலிடுவதில் பயனில்லை. ஆனால் இரண்டு கடமைகளையும் தேசம் ஒருங்கே ஏற்றுத்தான் ஆக வேண்டும்.

இங்கே ஒரு பழைய பாக்கியையும் நினைவூட்டுகிறோம். 1976-ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி பீடி மீது ஒரு தனித் தீர்வை விதித்து, அதைத் தொழிலாளரின் வைத்தியம், வீடு, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றிற்குச் செலவிட ஏற்பாடு இருந்தது. 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது அத்தீர்வை எடுபட்டது. தீர்வை போனாலும் தொழிலாளரின் உரிமை போகவில்லை. பீடியினின்று வரும் வரியில் ஒரு பங்கைச் சட்டப்படி அவர்களது ஆரோக்கியத்திற்கு ஒதுக்க வேண்டுமென்று மத்திய சர்க்காரைக் கேட்பது நியாயமான கோரிக்கை.

வைத்தியத்தைப் பற்றிய மயக்கம் ஒன்றையும் அகற்ற வேண்டும். ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவு அண்டாது என்பது போன்ற பேச்சை நம்பி, ஆஸ்பத்திரி மாத்திரையை எறிந்துவிட்டு, ஒரு மண்டலத்தில் நீரிழிவை வேரறுப்பதாகச் சொல்லும் சூரணங்களைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. சித்த வைத்தியம் நமது பொக்கிஷம். அதைக் கற்றுத் தேர்ந்தவர்களை மதிக்கிறோம். ஆனால் நீரிழிவை அடியோடு குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமே தடை செய்திருக்கிறது. அத்தகைய விளம்பரம் செய்கிறவர் வைத்தியரல்லர், வியாபாரி. இன்ஸுலின் போட்டே தீர வேண்டிய குழந்தைக்கு ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு மோசம் வரும். இதைப் பெற்றோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

இன்ஸுலினின் வரலாறே ஒரு படிப்பினை. 1921-இல் கானடா தேசத்து டொராண்டோ சர்வகலாசாலையில் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் சாகக் கிடந்த 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் செலுத்தப்பட்டது, அவன் பிழைத்தான். கோடி கோடியாகச் சம்பாதித்திருக்கக்கூடிய அந்தக் கண்டுபிடிப்பின் உரிமையை அவர்கள் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு சர்வகலாசாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். மருந்து மனித குலத்தின் பொதுச் சொத்து என்பதே அவர்கள் கொள்கை. நூறு ஆண்டு கழிந்தும் உலகத்தில் எத்தனையோ ஏழைகளுக்கு அது எட்டாமலிருப்பது அவர்கள் குற்றமன்று.

நம்பிக்கைக்கு இடமில்லையா? நிறைய உண்டு. தமிழ் நாடு இத்துறையில் பிறருக்கு வழி காட்டிய நாடு. 1948-இலேயே சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு கண்டார். டாக்டர் வி. சேஷய்யா கர்ப்பிணிகளுக்கு வரும் நீரிழிவை ஒரே பரிசோதனையில் கண்டறியும் முறைக்காக இடைவிடாது உழைத்தார். அம்முறையை இந்திய சர்க்கார் பின்னர் ஏற்றுக்கொண்டது. டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவர் குழுவினரும் நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். சும்மா விடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேர் நீரிழிவில் விழுந்தார்கள். உணவைத் திருத்தி நடைப் பழக்கம் மேற்கொண்டவர்களில் அத்தொகை 39 ஆகக் குறைந்தது. மருந்தில்லாமலே 100-க்கு 16 பேர் தப்பினர்! நடையும் உணவும் வெறும் உபதேசமல்ல, நிரூபணமான மருந்து என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சர்க்காரும் கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்படி, ஊழியர்கள் வீடு தேடிச் சென்று சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். கூலியை இழந்து ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாத பீடித் தொழிலாளிக்கு இது பேருதவி. 2020-ஆம் ஆண்டு மாகாணக் கணக்கெடுப்பில், நீரிழிவு உள்ளவர்களில் 100-க்கு 11 பேருக்குத்தான் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. 2023-24 கணக்கெடுப்பில் அது சுமார் 17 ஆக உயர்ந்தது. முன்னேற்றத்தை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் மீதி 83 பேர்? அவர்களில் பலர் தமக்கு வியாதி இருப்பதையே அறியாதவர்கள். பலர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்கள். பலர் மாத்திரை விழுங்கியும் சர்க்கரை அடங்கியதா என்று சோதியாதவர்கள்.

ஆதலால் நாம் சர்க்காரிடம் கேட்பவை நான்கு. முதலாவது, மாத்திரையோடு நில்லாமல், மூன்று மாதச் சராசரிப் பரிசோதனையும், வருஷத்துக்கு ஒரு முறை கண், சிறுநீர், பாதம் ஆகியவற்றின் பரிசோதனையும் ஆலங்குளம் போன்ற ஒவ்வொரு தாலூகாத் தலைநகரிலும் தடையின்றி இலவசமாகக் கிடைக்க வேண்டும். இரண்டாவது, இன்ஸுலினும் ஊசியும் ஒரு நாளும் இருப்புத் தீர்ந்துபோகக் கூடாது. மூன்றாவது, ரேஷன் உணவு. 2011 ஜூன் முதல் கிடைக்கும் இலவச அரிசி ஏழை வீட்டு அடுப்பை அணையாமல் காத்தது. அதை இகழ்பவர் பசியறியாதவர். ஆனால் 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி ஜில்லாக்களில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கியதுபோல், விரும்புகிற குடும்பங்களுக்குத் தென்காசி ஜில்லாவிலும் சிறுதானியமும், பருப்பும் பயறும் அதிகமாகவும் கிடைக்கச் செய்யலாம். கேழ்வரகும் மாவுச் சத்தே. அளவு மீறினால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். தட்டில் சோறு குறைந்து காயும் பயறும் கூடுவதே பிரதானம். நான்காவது, இனிப்புப் பானங்களின் மீது கட்டுப்பாடு. தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் அறுபது வயது கடந்த இந்தியரில் பத்துக்கு ஆறு பேருக்கு நீரிழிவு என்று 2017-இல் அந்நாட்டுப் பிரதம மந்திரியே பகிரங்கமாக எச்சரித்தார். 2022 டிசம்பர் முதல் அங்கே இனிப்புப் பானங்களுக்குத் தரக்குறியீடு கட்டாயம். கடைத்தரமான பானங்களுக்கு விளம்பரமே தடை. சிறிய சிங்கப்பூர் செய்வதைப் பெரிய பாரதம் செய்யலாகாதா?

சர்க்காரைக் கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. தேசத் தொண்டர்களுக்கும் தொழிற்சங்கத்தாருக்கும் விசேஷமாகச் சொல்லுகிறோம். பீடிக் கடையில் கூலி நாளன்று ஸ்திரீகள் கூடுகிறார்கள். அன்றே அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்துச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். மணிக்கொரு முறை எழுந்து நாலைந்து நிமிஷம் நடக்கும் வழக்கத்தைச் சங்கத்தின் விதியாக்குங்கள். மாத்திரையை நிறுத்தியவர் யார் என்று தெருத்தெருவாகக் கணக்கெடுங்கள். செருப்பில்லாமல் காட்டுக்குப் போகாதிருக்கவும், இரவு படுக்குமுன் பாதத்தைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். கல்யாணப் பந்தியில் காய்கறிக்கு முதலிடம் கொடுங்கள். கூட்டங்களில் சர்பத்துக்குப் பதிலாக மோர் கொடுங்கள். முதலில் உங்கள் சர்க்கரையைச் சோதித்துக்கொண்டு பிறருக்குச் சொல்லுங்கள், ஊர் கேட்கும்.

மகாத்மா போதித்த சுயராஜ்யத்தில் தன்னைத் தான் ஆளுவதும் அடங்கும். நாக்கை ஆளுவது தனி மனிதன் கடமை. நடக்க நேரமும், நல்ல உணவுக்குக் கூலியும், பரிசோதனைக்கு ஆஸ்பத்திரியும் கிடைக்கச் செய்வது சமூகத்தின் கடமை. இரண்டில் ஒன்றை விட்டால் மற்றொன்று நிலைக்காது. ஆலங்குளத்தில் பீடி சுற்றும் ஒரு தாயின் கண்ணும் காலும் சிறுநீரகமும் அவளது முதுமையிலும் அவளுக்குத் துணையாக இருக்க வேண்டும். அதற்கான அறிவும் மருந்தும் இன்று உலகத்தில் உண்டு. அவை அவள் வாசலுக்கு வந்து சேர வேண்டியது ஒன்றே பாக்கி. அந்தப் பாக்கியைத் தீர்க்கத் தொண்டர்களும் சர்க்காரும் இன்றே முற்படுவார்களாக.